டிக்கியின் சூரியனும் தூக்கிப்போட்ட கோட்பாடும்

புதனின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 விநாடி கோணம் கூடுதலாகத் திரும்புகிறது. நியூட்டன் கணக்கில் இடிக்கும் இதை 1915-ல் ஐன்ஸ்டைன் சரி செய்தார், கதை முடிந்தது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் 1960-களில் அந்தக் கதை மறுபடி திறந்தது.

பிரின்ஸ்டனில் கார்ல் பிரான்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவரும் ராபர்ட் டிக்கியும் (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பெரிய ஆள்) 1961-ல் ஒரு கேள்வி கேட்டார்கள். ஈர்ப்பு மாறிலி நிஜமாகவே மாறிலிதானா? ஐன்ஸ்டைனின் கால-வெளி வளைவோடு இன்னொரு ஸ்கேலார் புலத்தையும் சேர்த்தார்கள். அந்தப் புலம் மாறினால் ஈர்ப்பின் பலமும் மாறும். எவ்வளவு மாறும் என்பதை ஒமேகா என்ற எண் தீர்மானிக்கும். ஒமேகா பெரிதாகப் பெரிதாக, விடை ஐன்ஸ்டைன் பக்கம் போய்விடும்.

இந்தக் கோட்பாட்டில் புதனுக்கு 39 விநாடி அளவுதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் மிச்சத்துக்கு எங்கே போவது? சூரியனுக்குத் தொப்பை இருந்தால் போதும்! 1966-ல் டிக்கியும் கோல்டன்பர்கும் அளந்தார்கள். இருக்கிறது என்றார்கள். அதன் பங்கு 3 விநாடிக்கு மேல். அப்படியானால் ஐன்ஸ்டைனின் 43 அதிகம். அடுத்த சில வருடங்கள் பொதுச் சார்பியலின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது.

பிறகு வந்த அளவீடுகளில் தொப்பை கரைந்துவிட்டது. செவ்வாயில் இறங்கிய வைகிங் கலங்களின் ரேடியோ அலைகள் சூரியன் அருகே தாமதப்பட்டதை வைத்து ஒமேகா 500-க்கு மேல் என்றார்கள். 2003-ல் காசினி முடிவு வந்தபோது அது 40,000-ஐத் தாண்டியது. ஆள் அவுட்.

தோற்றாலும் மரியாதையான தோல்வி இது. ஐன்ஸ்டைனை இவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்க வைத்ததே இந்தப் போட்டிதான்.

1998-ல் பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்று தெரிந்ததும் ஸ்கேலார் புலம் மறுபடி உள்ளே வந்தது. 2004-ல் கௌரியும் வெல்ட்மனும் ஒரு பச்சோந்திப் புலத்தை முன்வைத்தார்கள். பொருள் அடர்ந்த இடத்தில் அது ஒளிந்துகொள்ளும். எனவே சூரிய மண்டலச் சோதனையில் சிக்காது. (கொஞ்சம் சந்தேகப்பட வேண்டிய சாமர்த்தியம்தான்.) ஹார்ன்டெஸ்கி 1974-ல் எழுதிவைத்த பொதுவான சமன்பாடுகளையும் தூசி தட்டி எடுத்தார்கள். அவரோ எப்போதோ இயற்பியலை விட்டு ஓவியம் வரையப் போயிருந்தார்.

2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் மோதிய இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் ஈர்ப்பலையும் காமா கதிரும் 1.7 விநாடி இடைவெளியில் பூமிக்கு வந்தன. இரண்டின் வேகமும் ஒன்றே. ஈர்ப்பலைக்கு வேறு வேகம் சொன்ன புதிய கோட்பாடுகள் பல அன்றோடு காலி. பிரான்ஸ்-டிக்கியோ இந்தச் சோதனையில் தப்பியது. அதில் ஈர்ப்பலை 1961-லிருந்தே ஒளியின் வேகத்தில்தான் போகிறது.