கார்வை

சின்ன வயதில் மூன்று மாசம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். கோர்வையில் சொற்களுக்கு நடுவே கார்வை வரும். கை சும்மா இருக்கும். ஆனால், இரண்டோ மூன்றோ மாத்திரை கணக்கில் ஏறும். நான் அவசரப்பட்டு அதை விழுங்கிவிடுவேன். அப்புறம் எங்கே எடுப்பில் வந்து சேர்வது? ‘‘சும்மா இருக்கிறதுக்கும் கணக்கு இருக்குடா!’’ என்பார் வாத்தியார். பி.காம். முடித்தும் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

ஊரிலிருக்கும் அம்மாவுக்கு போன் செய்தால், ‘‘நல்லா இருக்கேன்டா’’ என்பாள். பிறகு, கொஞ்சம் மௌனம். ‘‘சரிம்மா, வெச்சிடறேன்’’ என்று நானே அதை அடைத்துவிடுவேன்.

போன வாரம் என்னவோ, பேசாமல் காத்திருந்தேன். ஒன்று... இரண்டு... மூன்று...

‘‘வலது கண்ணு சரியாத் தெரியலைடா.’’

‘‘எப்பலேர்ந்தும்மா?’’

‘‘பொங்கல்லேர்ந்து.’’

இப்போது ஆடி மாசம்.