பனச்சமூட்டுச் சவரக்கத்தி

போன மாசம் மஸ்கட் ரூவியில் முடிவெட்டப் போனபோது, சலூன்காரத் தம்பி டிராயரிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "சாரே, நீங்க பழைய பேனா, வாச்செல்லாம் நேராக்குவியளாமே? இது அப்பாக்க கத்தி. அடுத்த மாசம் லீவுல போறேன். அப்பாவுக்கு இப்பம் கை நடுங்குது. இதெ வச்சு நானே வழிச்சு விடணும்."

அவரும் நம்ம பனச்சமூடுதான். தெரியாதவர்களுக்காக: 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட, எல்லைக்கோடு எங்கள் சந்தையை ஒட்டியே போனது. பேச்சு மட்டும் இன்னமும் பாதி தமிழ், பாதி மலையாளம். என் அப்பாவுக்குச் சவரம் செய்ததும் அந்தப் பெரியவர்தான். சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். அவர் எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

பொட்டலத்தைப் பிரித்தால் ஒரே துரு. கருப்பு செல்லுலாய்டு பிடி உடைந்து நூல் சுற்றியிருந்தது. கத்தியின் கழுத்தில் மங்கலாக 'சோலிங்கன், ஜெர்மனி'. வெளிநாட்டுச் சரக்கை ஜனங்கள் பார்த்து ஒதுக்கட்டும் என்றுதான் 1887-ல் இங்கிலாந்து நாட்டுப் பெயரைப் பொறிக்கச் சட்டம் போட்டது. கடைசியில் அதுவே ஜெர்மன்காரனுக்கு இலவச விளம்பரம்! (வணிகவியல் படித்தவனுக்கு இந்த மாதிரிக் கதையெல்லாம் அல்வா.)

இது துருப்பிடித்த கதை வேறு. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. பாதிப்புகளைக் கண்டறிந்தது. பிறகு பயம் ஊர் ஊராகப் பரவ, எல்லாரும் "புது பிளேடு போடு" என்றார்கள். கேட்டது நியாயம்தான். பாதி பிளேடு மாட்டும் கத்தி வந்தது. இது டிரங்குப் பெட்டிக்குள் போனது.

சரி, வேலைக்கு வருவோம். ஆணித் தலைகளை அரத்தால் ராவி, பழைய பிடியைக் கழற்றினேன். துருவுக்கு மெஷின் சக்கரம் ஆகாது. உரசிய சூட்டில் வாய்ப்பக்கம் நீலம் பாரித்தால் எஃகின் பதம் போச்சு. வாட்டர் பேப்பரும் எண்ணெயுமாக நாலு ராத்திரி கையால்தான் தேய்த்தேன். வீட்டுக்காரி திட்டியதை இங்கே எழுதவில்லை.

புதுப் பிடிக்கு ஆயினி மரம். ஊரில் பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்துவந்த கதவுச் சட்டத் துண்டு. 3 மி.மீ. கனத்தில் இரண்டு இதழ், வால் பக்கம் நடுவில் ஒரு சின்ன ஆப்பு. பித்தளை ஆணியை ஓங்கி அடித்தால் மரம் பிளந்துவிடும். பொடிச் சுத்தியலால் நூறு தட்டு, சும்மா தொட்டுத் தொட்டு.

பயமெல்லாம் வாய்ப்பக்கம்தான். விளிம்பில் துருக்குழி இருந்தால் தீட்டத் தீட்டப் பொரிந்து போகும். 1000 கல்லில் அரை மி.மீ. போல இழந்த பிறகுதான் சுத்த எஃகு வந்தது. அப்புறம் 5000, 8000. கல்லில் வாய் முன்னால் போக வேண்டும், தோல் வாரில் முதுகு முன்னால். மாற்றிச் செய்தால் வாரே அறுந்துவிடும். முழங்கை மயிரில் வைத்துப் பார்த்தேன், சத்தமில்லாமல் விழுந்தது.

"லக்கேஜில போடுங்க, கைப்பையில விடமாட்டான்" என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்று ஊரிலிருந்து போன். பெரியவர் கத்தியை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாராம். "ஆரு தீட்டினது? மூர்ச்சை போராது. வாரெ எடு" என்று, நடுங்கும் கையோடு அவரே பத்துத் தடவை இழுத்துவிட்டுத்தான் முகத்தைக் காட்டினாராம்.