விடியலுக்கு முந்திய ஓட்டம்

சூலியா தெரு ஒருகாலத்தில் மலபார் தெரு என்று வழங்கப்பெற்றது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களால் பின்னர் இப்பெயர் நிலைத்தது. பிழைப்புக்காக இரவும் பகலும் விழித்திருந்தோரின் தெரு இது. இத்தெருவின் கடைவீடு ஒன்றன் மாடியில் வாழும் நாங்கள் விழித்திருப்பதற்கோ வேறு காரணம் உண்டு.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆறாம் வயதில் அவளுக்கு முதல்வகை நீரிழிவு கண்டது. இனிப்புத் தின்றதால் வந்தது என்றனர் உறவினர் சிலர். அது உண்மையன்று. உடலின் காப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுவதால் நேரும் நோய் இது. வேளைதோறும் சோற்றை அளக்கவேண்டும், விரல்நுனிக் குருதியைச் சோதிக்கவேண்டும், ஊசி போடவேண்டும். உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்தால் குழந்தை அறியமாட்டாள். ஆகவே இரவு மூன்று மணிக்கும் விரலைக் குத்திப் பார்க்கிறோம். தோளில் ஒட்டிக்கொள்ளும் உணர்கருவிகள் இன்று வந்துள்ளன. அவற்றின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

அந்தச் சோதனைக்குப்பின் எனக்கு உறக்கம் வருவதில்லை. நண்பர்கள் சிலர் பினாங்குப் பால மராத்தானில் ஓடி, இத்தகைய பிள்ளைகளுக்குச் சோதனைத்தாள் வாங்க நிதி திரட்ட முனைந்தபோது நானும் சேர்ந்தேன். நாலரை மணிக்கு இறங்கி, நாகூர் தர்காவைக் கடந்து, பெங்காலான் வெல்ட் வழியே கோட்டைக்கும், அங்கிருந்து கர்னி கடலோரச் சாலைக்கும் ஓடுவேன்.

"இந்த ஓட்டம் பிள்ளைக்காகவா, இல்லே பிள்ளைய விட்டு ஓடவா?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். அக்கேள்வியில் சினம் இல்லை, களைப்பு இருந்தது. இரண்டுந்தான் என்றேன். அதுவே உண்மை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் எந்த எண்ணையும் கணக்கிடுவதில்லை. அவளுக்கும் அத்தகைய நேரம் வேண்டுமல்லவா? அன்றுமுதல் புதன் மாலைகளில் ஊசியும் உணவும் என் பொறுப்பு. அவள் தண்ணீர்மலைக் கோயிலின் 500க்கு மேற்பட்ட படிகளைத் தனியே ஏறி வருகிறாள்.

மராத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர். முப்பதாவது கிலோமீட்டர் அளவில் தசையும் ஈரலும் சேமித்த சர்க்கரை குறையத் தொடங்கும். பயிற்சியின்போது ஒருநாள் எனக்கும் அது நேர்ந்தது. முழங்கால் நடுங்கிற்று, வியர்வை குளிர்ந்தது, காரணமின்றி அழுகை வந்தது. "அப்பா, கால் பஞ்சு மாதிரி இருக்கு" என்று மகள் சொல்வதன் பொருளை அன்று என் உடல் ஓரளவு அறிந்தது. ஆயினும் வேறுபாடு பெரிது. நான் விரும்பினால் நின்றுவிடலாம்.

இருவரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு; இருவரும் கனடா நாட்டவர். 1922 சனவரியில் தொராந்தோவில் லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் இன்சுலின் ஊசியால் பிழைத்தான். மறு ஆண்டு அதன் காப்புரிமை, கண்டறிந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் விலையில் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டது. புற்றுநோயால் ஒரு காலை இழந்த தெரி பாக்ஸ், 1980இல் 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நாட்டு மக்களிடம் ஆளுக்கு ஒரு டாலர் கேட்டார். நோய் மீண்டதால் ஓட்டம் நின்றது. 1981இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் மக்கள் இன்றும் ஓடுகிறார்கள். ஒரு டாலர் சிறு தொகைதான். கேட்பதற்கும் கொடுப்பதற்கும் யாரும் கூசவேண்டியதில்லை. நானும் தெருவில் கடை கடையாக ஏறி, கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி கேட்டு வருகிறேன்.

1985இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். முழு மராத்தான் நள்ளிரவுக்குப் பின்னரே தொடங்கிவிடும். மூன்று மணிக்கு நான் கடலின்மேல் ஓடிக்கொண்டிருப்பேன். என் மனைவி விளக்கேற்றி மகளின் விரலைப் பற்றியிருப்பாள்.

"நீங்க ஓடி முடிச்சா எனக்குச் சரியாயிடுமாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஆகாதும்மா. இன்னொரு பிள்ளைக்குத் தாள் கிடைக்கும்."

சிறிது நேரம் எண்ணியவள், தன் பையிலிருந்து குளுக்கோஸ் வில்லைகளை எடுத்து என் கையில் வைத்தாள். "கால் பஞ்சாச்சுன்னா ரெண்டு சாப்பிடுங்க. பதினஞ்சு நிமிஷம் உட்காருங்க. அப்புறம் ஓடலாம்" என்றாள்.

மூன்றாண்டுகளாக நாங்கள் அவளுக்குச் சொல்லிவந்த விதி அது. அவள் வாயால் எனக்கு அறிவுரையாக வந்தபோது, இந்த நோயைச் சுமக்க அவள் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று தெரிந்தது.