கோரை முளைத்த மனை

அப்பா அந்தக் காலி மனையின் ஓரம் குனிந்து ஒரு கோரையைக் கிழங்கோடு பிடுங்கினார். ஒட்டியிருந்த மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். பக்கத்துப் பள்ளத்தில் காய்ந்து நின்ற சம்பைக் காட்டி, "இதெல்லாம் வருசத்துல நாலு மாசம் கால் நனைச்சு நின்னாத்தான் வரும் தம்பி" என்றார். சித்திரை வெயில். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மனையை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் கிழக்குப் பார்த்த வாசல் இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்று தரகர் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா மன்னார்குடிப் பக்கம் ஐம்பது வருடம் நெல் விளைவித்தவர். சென்னைக்கு வந்தால் இரண்டாம் நாளே ஊருக்குக் கிளம்பிவிடுவார். இருபது வருடக் கடன் வாங்கப் போகிறோம், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தேன். அதற்குள் ஏழு மாதம் வீடு தேடியிருந்தோம். சதுர அடி விலை, லிஃப்ட், கார் நிறுத்த இடம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். மண்ணைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

அந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே இருந்தது. தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த நீர் வந்து சேருவது இந்தச் சதுப்புக்குத்தான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு அது. நாங்கள் பார்த்த இடம் அதன் எல்லைக்கோட்டுக்கு வெளியே, சட்டப்படி மனைதான். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றது. நாங்கள் போனது அதற்கு அடுத்த கோடையில். சுவர்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி ஒன்று நின்றது. அப்பா நேரே அவரிடம் போனார். "இங்க தண்ணி எதுவரைக்கும்ங்க வந்துது?" வண்டிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு எதிர் மதில் பக்கம் நடந்தார். இடுப்பளவில் கை வைத்து, "2015ல இது" என்றார். கையை நாலு விரல் மேலே நகர்த்தி, "போன டிசம்பர்ல இது" என்றார். "நடுவுல எட்டு வருசத்துல சுத்தி எல்லாரும் மண்ணு கொட்டி ஏத்திட்டாங்க பெரியவரே. அது எங்கதான் போகும்?"

அன்று ராத்திரி அப்பாவிடம், ஏரி இருந்த இடத்தில் வாங்கவே கூடாது என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரிந்தது. சென்னையில் ஏரியோ தாங்கலோ இல்லாதிருந்த இடம் எது? தியாகராய நகரே 1920களில் பழைய நீண்ட ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. ஏரியைப் பார்த்த சாலையும் ஏரிக்கரைச் சாலையும் மட்டும் நிற்கின்றன, ஏரியைக் காணோம். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான். சுற்றிலும் இருக்கிற செங்கல்பட்டு மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம் என்று பெயர். மழைநீரைத் தேக்கித் தேக்கியே இந்தப் பக்கத்து ஊர்கள் பயிர் செய்திருக்கின்றன.

அப்பா வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "மேடா பள்ளமான்னு மட்டும் பாக்காத. நம்ம ஊரே பள்ளந்தான். வடிகால் எங்க போவுது, நடுவுல எவனும் அடைக்காம இருக்கானா, அதைப் பாரு" என்றார். டெல்டாக்காரர்களுக்கு ஆற்றிலிருந்து வயலுக்கு வரும் வாய்க்கால் வேறு, வயலிலிருந்து வெளியேறும் வடிகால் வேறு. பாசன வாய்க்காலுக்காகச் சண்டை போடுபவர்கள்கூட வடிகாலை அடைக்க மாட்டார்கள். அடைத்தால் தங்கள் வயலும் மூழ்கும்.

அதற்குப் பிறகு வீடு பார்க்கும் முறையே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தரகரோடு போவதை விட்டோம். இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் இவர்களிடம் முதலில் பேசினோம். கீழ்த்தள வீடுகளில் மின்மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். ஆள் உயரத்துக்கு மேல் புதிதாக மாற்றியிருந்தால் அங்கே வெள்ளம் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பத்திரங்களையும் விடவில்லை. முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, அனுமதி வரைபடம் இவையெல்லாம் வங்கி வக்கீலே கேட்பார். யாரும் கேட்காத ஒன்று அ-பதிவேடு. புல எண்ணைக் கொடுத்தால் அந்த நிலம் அரசுக் கணக்கில் புஞ்சையா, நஞ்சையா, நத்தமா, நீர்நிலைப் புறம்போக்கா என்று தெரியும். எந்தப் பத்திரமும் தண்ணீர் நிற்குமா என்று சொல்லாது. ஆனால் பக்கத்துப் புல எண்ணில் 'வாய்க்கால்' என்று இருந்து, நேரில் அங்கே தார்ச்சாலை இருந்தால், நாம் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிடும். எனக்கு இரண்டு இடங்களில் அப்படிக் கிடைத்தது.

தண்ணீர் அதிகமாகி வரும் துன்பத்தைப் போலவே தண்ணீர் இல்லாத துன்பமும் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 2015 வெள்ளத்தில் படகில் மீட்கப்பட்டவர்கள் நான்கே வருடம் கழித்துக் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. நிலத்துக்குள் இறங்க வேண்டிய மழை சிமென்ட் தரையில் ஓடி வீணானதுதான் இரண்டுக்கும் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். அதனால் வீடு பார்க்கப் போனால் என் மனைவி முதலில் குளியலறைக்குள் நுழைவாள். குழாய் மூக்கில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கு தட்டியிருந்தால், ஆழ்துளைக் கிணற்று நீர் எப்படி என்று தனியாக யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் பார்த்த ஒரு குடியிருப்பில் லாரித் தண்ணீருக்கென்றே மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் பெரும்பங்கு போய்க்கொண்டிருந்தது. கடன் தவணையோடு சேர்த்து அதையும் கணக்கில் எடுத்தால் அந்த வீடு எங்கள் கைக்கு எட்டவில்லை.

எங்கள் எல்லை 70 லட்சம். வங்கி 80 சதவீதம் தரும். மிச்சம் 14 லட்சத்தை நாங்கள் போட வேண்டும். கைமாறும் வீடென்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், தரகு என்று அதற்கு மேலும் ஏழெட்டு லட்சம். மனைவியின் நகைகளையும் என் வருங்கால வைப்பு நிதியையும் கூட்டிப் பார்த்துத்தான் இந்த எண்ணுக்கு வந்தோம்.

"மெட்ரோ வருது சார், அப்புறம் இந்த விலைக்கு நினைச்சே பாக்க முடியாது" என்ற வாக்கியத்தைக் கேட்காத நாளே இல்லை. இரண்டாம் கட்ட மெட்ரோ ஏறக்குறைய 119 கிலோமீட்டர் என்று திட்டமிடப்பட்டது. வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேளச்சேரிக்கு 2007இல் வந்துவிட்ட பறக்கும் ரயில், அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் நீள்வதற்கு, நிலம் எடுக்கும் வழக்குகளால் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராக இல்லை. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. வரப்போகும் ரயிலை நம்பி வீடு வாங்கினால், அது வந்து நிற்கும்போது அவள் வீட்டைவிட்டுப் படிக்கப் போயிருப்பாள். இன்றைக்கு ஓடுகிற ரயிலுக்கு நடந்து போகும் தூரத்தில்தான் வாங்குவது என்று அன்றே தீர்மானித்தோம்.

இத்தனைக்குப் பிறகும் அந்தச் சதுப்பு ஓர வீட்டை நான் முழுதாக விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1,050 சதுர அடி, 68 லட்சம். நல்ல காற்று. மூன்றாவது மாடி. வெள்ளம் எவ்வளவு வந்தாலும் கட்டிலில் படுத்திருக்கலாம். ஆனி மாதம் ஒருநாள் மனைவியை மட்டும் அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். அவள் கட்டடத்தைப் பார்க்கவில்லை. அதன் பின்பக்கம் போனாள்.

பின்னால் ஒரு சிமென்ட் ஓட்டு வீடு. தெரு மூன்று முறையாவது உயர்ந்திருக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அரசே உத்தரவிட்டிருக்கிறது, எல்லாத் தெருவிலும் அது நடப்பதில்லை. இரண்டு படி இறங்கித்தான் அந்த வாசலுக்குப் போக முடிந்தது. நாங்கள் வாங்க நினைத்த கட்டடம் தெருவுக்கும் மேலே நாலடி மண் கொட்டி எழுந்திருந்தது. உள்ளே ஒரு அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இரும்பு பீரோ, மாவரைக்கும் இயந்திரம், கட்டில் எல்லாம் இரண்டிரண்டு செங்கல் மேல் நின்றன. மழைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

"எறக்கி வைக்கலையாம்மா?" என்று மனைவி கேட்டாள்.

"எறக்கி என்ன கண்ணு பண்றது? திரும்ப ஏத்த ஆள் தேடணும்."

ரயிலில் திரும்பும்போது நெடுநேரம் அவள் பேசவில்லை. கிண்டி தாண்டியதும் சொன்னாள்: "மூணாவது மாடில நமக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நாம கொட்டின நாலடி மண்ணுல நிக்க வேண்டிய தண்ணி அந்தம்மா வீட்டுக்குத்தானே போகும்? தெனம் பால்கனிலேருந்து அந்த ஓட்டைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது." நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு போட்டேன். அதுவரை, எங்கே வாங்கினால் நமக்கு நல்லது என்று மட்டுமே நான் யோசித்திருந்தேன்.

கடைசியில் வாங்கியது நங்கநல்லூரில். 1999இல் கட்டிய ஆறு வீட்டுக் குடியிருப்பு, முதல் மாடி, லிஃப்ட் இல்லை. 850 சதுர அடி என்று விற்றவர் சொன்னார். டேப் வைத்து உள்ளே அளந்தால் 680தான் வந்தது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். ஒரு கிரவுண்டு நிலம், 2,400 சதுர அடி, ஆறு பேருக்கும் ஆளுக்கு 400 பிரிபடாத பங்கு. புதுக்கட்டடங்களில் நாங்கள் பார்த்த எதிலும் அவ்வளவு நிலம் ஒரு வீட்டுக்கு வரவில்லை. பழவந்தாங்கல் ரயில் நிலையத்துக்குப் பதினொரு நிமிட நடை. மகளின் அறை வேண்டிய அளவில் அமையவில்லை. வராந்தாவைத் தடுத்துப் படிக்கும் மேசை போட்டுக் கொடுத்தோம். அவளுக்கு அதில் வருத்தம் இருக்கிறது. அந்த வருத்தம் நியாயமானது.

அப்பாவுக்கு ஊர்ப் பெயரிலேயே சந்தேகம். "பழவந்தாங்கல்னு போர்டு இருக்கே. தாங்கல்னா ஏரிதானே?" முன்பணம் கொடுக்கும் முன் ஐப்பசியில் மறுபடி வந்தார். வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. குடையோடு தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார். எங்கே சரிகிறது, எந்தக் கால்வாயில் விழுகிறது, மூடியில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்த்தபடியே போனார். ஒரு மணி நேரம் கழித்து வேட்டியைப் பிழிந்துகொண்டே படியேறினார். "இங்க தண்ணி நடக்குது தம்பி, நிக்கல. வாங்கு" என்றார். ரயிலடிச் சுரங்கப்பாதையில் பெருமழைக்குத் தண்ணீர் தேங்கும் என்று பக்கத்து வீட்டார் மறைக்காமல் சொன்னார்கள். அந்த நாட்களில் சுற்றிப் போகிறோம்.

குடியேறி ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. போன மாதச் சங்கக் கூட்டத்தில், பக்கத்துக் கட்டடத்தார் ஏற்றிவிட்டதால் நாமும் கார் நிறுத்தும் தரையை இரண்டடி ஏற்றிக் கான்கிரீட் போடலாம் என்று பேச்சு வந்தது. எங்கள் மதிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. பூக்கட்டி விற்கும் குடும்பம். விடிகாலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மல்லிகை வாசனை வரும். நான் எழுந்து, ஏற்ற வேண்டாம், அதே பணத்தில் முன்னும் பின்னும் பதினைந்தடிக்கு இரண்டு உறைகிணறு இறக்கி மழைநீரை உள்ளே விடலாம் என்றேன். மூன்று வீட்டார் ஏற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். கீழ்வீட்டு மாமி எங்கள் பக்கம். ஆறாவது வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார்.

உறை ஒன்று என்ன விலை, தோண்டக் கூலி எவ்வளவு என்று கொத்தனாரிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். ராத்திரி எட்டரைக்கு மேல் அழைத்தால் ஷார்ஜாக்காரர் வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பாராம். மாமிதான் சொன்னார். இன்றைக்குப் பேச வேண்டும்.