தேய்மானம்

பொருள் பழசானால் மதிப்பு குறையும், அதன் பெயர் தேய்மானம் என்று பி.காமில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் பழைய பித்தளைச் சரவிளக்குகளைப் பற்றிப் படித்தபோது பாடம் தலைகீழாகிவிட்டது. அங்கே வயசு ஏற ஏறத்தான் கிராக்கி!

18-ம் நூற்றாண்டில் லண்டன், பிரிஸ்டல் பட்டறைகளில் வார்த்த விளக்குகள் இவை. சர்ச்சுக்குத் தானமாகக் கொடுத்ததென்றால், பல சமயம் நடுக் குண்டிலேயே கொடுத்தவர் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். ஜாதகம் கையில் கிடைத்த மாதிரி!

பெயர் இல்லையா? கையைப் பாருங்கள். (உங்கள் கையை இல்லை சார், விளக்கின் கையை!) மெழுகுவர்த்தி காலத்துக் கை கெட்டியானது. வார்க்கும்போதே உள்ளே குழாய் விட்டிருந்தால் காஸோ கரண்டோ வந்தபிறகு பிறந்தது. ஆனால் பழைய கையிலும் ஒயருக்காகப் பின்னால் துளை போட்டிருப்பார்கள். ஜாக்கிரதை.

ரிப்பேர் செய்யக் கழற்றினால், எந்தக் கை எந்தத் துளைக்கு என்று செய்தவனே புள்ளியோ கோடோ குத்தி வைத்திருப்பது தெரியும். மாற்றிச் செருகினால் விளக்கு கோணிக்கொள்ளும்.

பெரிய ஆபத்து பாலிஷ்தான். மெஷினில் கொடுத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். பெயரும் வருஷமும் போய்விடும். நிஜமான தேய்மானம் அதுதான்.

எங்கள் வீட்டில் பாட்டி பெயர் வெட்டிய பித்தளைச் சொம்பு ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்காகப் புளி போட்டுத் தேய்த்ததில் முதலெழுத்து மட்டும் மிச்சம். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவதாம்?