நெல்ஸன் துறையும் எட்டுப் பேரும்

காரிபியன் கடலில் ஆன்டிகுவா என்றொரு குட்டித் தீவு. விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த தீவு என்று சொன்னால், கிரிக்கெட் பைத்தியங்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்! அந்தத் தீவின் தென்கோடிக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன்.

சுற்றிலும் குன்றுகள், நடுவே குளம் போல் அடங்கிக் கிடக்கும் கடல். 'இங்கிலீஷ் ஹார்பர்' என்று பெயர். புயலுக்குப் பயந்த பிரிட்டிஷ் கப்பற்படை, 18-ம் நூற்றாண்டில் இந்த மறைவிடத்தில் கப்பல் செப்பனிடும் துறை ஒன்றை அமைத்தது. இன்று அதற்கு 'நெல்ஸன் துறை' என்று பெயர். 1784 முதல் 1787 வரை மூன்றே வருஷம் இந்தப் பக்கம் காவல் புரிந்த இளம் காப்டன் நெல்ஸனுக்கு இந்த இடம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருந்தும் பெயர் அவருக்குத்தான்!

துறைக்குள், கப்பற்படை அதிகாரிக்காக 1855-ல் கட்டிய வீடு இப்போது மியூஸியம். நெல்ஸன் காலமாகி ஐம்பது வருஷம் கழித்து எழுந்த வீடு அது. உள்ளே போகுமுன், கரையோரம் நிற்கும் பெரிய உருளைகளைப் பாருங்கள். அந்தக் காலத்து மரக்கப்பலின் அடியில் பாசி படரும், புழு துளைக்கும். கப்பலை ஒருக்களித்துச் சாய்த்தால்தான் அடியைச் சுரண்ட முடியும். இந்த உருளைகளில் கயிற்றைச் சுற்றி, ஆட்கள் வட்டமாக நடந்து தள்ளுவார்கள். கப்பல் மெல்லச் சாயும்.

தள்ளியவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளும் அவர்கள் வம்சத்தாரும். தச்சு வேலை, கொத்து வேலை எல்லாவற்றிலும் அவர்கள் கை உண்டு. 1744 மார்ச் 8-ந் தேதி இங்கே வெடிமருந்து வெடித்து, அவர்களில் எட்டுப் பேர் மாண்டார்கள். அந்தத் தேதியையே பெயராக வைத்து, துறையில் உழைத்த அடிமைகளின் பெயர்களைப் பழைய கணக்குகளிலிருந்து தேடி எடுக்கும் பணி நடந்திருக்கிறது. கூலிக் கணக்கில் ஒரு வரி, சாவுக் குறிப்பில் ஒரு வரி: அப்படித்தான் ஒரு மனிதன் திரும்பி வருகிறான்!

1834 ஆகஸ்டு 1-ந் தேதி தீவில் அடிமைத்தளை அறுந்தது. 1889-ல் கப்பற்படை போய்விட்டது, துறை பாழாயிற்று. பிறகு பழுது பார்த்து 1961-ல் மறுபடி திறந்தார்கள். 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

உங்களுக்கு அங்கே போகும் பாக்கியம் கிடைத்தால், நெல்ஸனுக்கு ஒரு வணக்கம் போடுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் அந்த உருளைமேல் ஒரு நிமிஷம் கை வைத்துப் பாருங்கள்.