எந்த ஊர், தம்பி?

மஸ்கெலியாவிற் புறப்படும் பஸ், ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என மலையிறங்கிக் கொழும்பு புறக்கோட்டையில் மனிதரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கோட்டைக்குப் புறத்தே அமைந்ததால் புறக்கோட்டை. ஆயினும் இந்நாட்டு வியாபாரத்தின் நடுவீடு இதுவே.

பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் வாங்கச் சென்ற நாம் ஒரு பகல் முழுவதும் இத்தெருக்களில் நடந்தோம். தெருவுக்கொரு தொழில் என்பது இங்குள்ள வழக்கம். செட்டியார் தெருவில் தங்கம். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் பருப்பும் மூட்டை மூட்டையாய். இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிறப் பள்ளிவாசல். சற்றுத் தொலைவில் கதிரேசன் கோயில்கள். கைவண்டி தள்ளும் நாட்டாமிமாரின் முதுகில் வியர்வை உப்பாய்ப் பூத்திருந்தது. சிங்களமும் தமிழும் ஒரே நாவில் மாறி மாறிப் புரண்டன. பேரம் பேசுவோர்க்கு மொழி பகையாக இல்லை.

ஒரு துணிக்கடை வாசலில், கையில் சேலைகளை விரித்தபடி வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டிருந்தான் எம்மிடம் படித்த மாணவன் ஒருவன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன்.

"எந்த ஊர், தம்பி?" என்று ஓர் அம்மையார் கேட்டார்.

"ஹட்டன் பக்கம், அக்கா."

அவன் பிறந்தது மஸ்கெலியாவுக்கு அப்பால், ஒரு தோட்டத்து லயத்தில். அப்பால் நின்ற எம்மைக் கண்டதும், "சேர், எப்ப வந்தீங்க?" என்று மலர்ந்த முகம் மறுகணம் தாழ்ந்தது. அன்று அதே வினாவுக்கு அதே விடையை வேறு இரண்டு கடைகளிலும் கேட்டோம்.

'தோட்டக்காட்டான்' என்ற வசைச்சொல் எத்தனை தூரம் விரட்டுகிறது, பாருங்கள்! இதே கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது; 2020 முதல் இணையவழியாக நடக்கிறது. அங்கே ஒவ்வொரு தேயிலையும் தன் தோட்டத்தின் பெயரைச் சொல்லியே விலைபெறுகிறது. கொழுந்துக்குப் பெருமை தரும் அதே பெயர், அதைப் பறித்தவளின் மகனுக்கு மறைக்கவேண்டிய குறையாகிவிட்டது.

சட்டம் தன் பங்கைச் செய்துவிட்டதாகச் சிலர் கூறுவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணி இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கியது. உண்மைதான். ஆனால் குடியுரிமை பெற்ற பின்னும், லயத்து அறைக்குத் தனி முகவரியின்றி, கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து கிடந்த வாழ்க்கையை எத்தனையோ குடும்பங்கள் அறியும். முகவரியற்றவன் எந்த ஊரென்று சொல்வான்?

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! தேயிலை விளையும் உயரத்தையும் மழையையும் வகுப்பில் கற்பிக்கிறோம். காடழித்து அச்சரிவுகளைத் தோட்டமாக்கியவர்கள் யாவர் என்பதையும் அதே மூச்சில் கற்பிப்போம். தன் பாட்டன் பாட்டியின் உழைப்பை அறிந்த பிள்ளை தோட்டத்தின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லும்.

எனினும் பெருமிதத்தைப் பாடம் தரலாம், கதவிலக்கத்தைத் தராது. உழைத்த மண்ணில் சொந்தக் காணி, அதில் ஒரு வீடு, அவ்வீட்டுக்கு ஓர் இலக்கம்: இம்மூன்றையும் கேட்டுப் பெறும் போராட்டம் வகுப்பறைக்கு வெளியே நடக்கவேண்டியது. அங்கும் நமக்கு இடமுண்டு.